நர்சிங் பரீட்சை: 85-வது கேள்வியில ஸ்க்ரீன் அணைஞ்சா பாஸா, ஃபெயிலா?

85-வது கேள்வி. பதிலை அழுத்துறீங்க. ஸ்க்ரீன் அணைஞ்சிடுது. வயித்துல புளியைக் கரைக்குதா?

பாஸ், ஃபெயில் ரெண்டுமே நடக்கலாம். அமெரிக்காவுல நர்ஸ் லைசென்ஸுக்கு எழுதுற என்கிளெக்ஸ், உங்க பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கஷ்டமாவோ சுலபமாவோ மாத்தும். குறைஞ்சது 85, அதிகபட்சம் 150. நீங்க பாஸ் கோட்டுக்கு மேலயா கீழயான்னு 95 சதவீதம் உறுதியானதும் கடையைச் சாத்திடும்.

காலேஜ்களோ யார் பாஸாவாங்க, யார் ஃபெயிலாவாங்கன்னு முன்கூட்டியே சொல்லப் பார்க்குது: டீஸ், ஹெசி நுழைவுத் தேர்வு, அறிவியல் மார்க், கடைசியில, படிப்பு முடியுறப்ப வைக்கிற எக்ஸிட் எக்ஸாம். பாஸாகுறவங்களை இதெல்லாம் நல்லாவே காட்டும். ஃபெயிலாகப்போறவங்களைக் காட்டுறதுலதான் சறுக்கல்.

பேப்பர் எடுங்க. 100 பேர்ல 10 பேர் ஃபெயிலாகப்போறாங்கன்னு வெச்சுக்குவோம். எக்ஸிட் எக்ஸாம் ரெண்டு பக்கமும் 80 சதவீதம் சரி. அந்த 10-ல 8 பேரைப் பிடிச்சிடுது. சபாஷ்! பாக்கி 90 பேர்ல 20 சதவீதம் தப்பு, அதாவது 18 பேர் மேலயும் சிவப்பு மையைக் கொட்டிடுது. மொத்தம் 26 சிவப்பு, அதுல 18 பேர் பாஸாகப்போறவங்க! பரீட்சை மோசம்னு இல்ல; ஃபெயிலாகுறவங்க கொஞ்சம் பேர்ங்கிறதால வர்ற வினை இது. அந்த ஒத்தை மார்க்கை வெச்சு ஒருத்தரோட டிகிரியை நிறுத்தி வைக்கிறது, என்னைக் கேட்டா அநியாயம். சிவப்பு விழுந்தா கூடுதல் பயிற்சி கொடுங்க, கதவை மூடாதீங்க.

சரி, எதைப் பார்க்கணும்? மார்க்கை விட, தப்பு எங்க நடக்குதுன்னு. 2023 ஏப்ரல்லேர்ந்து என்கிளெக்ஸ்ல கேஸ் ஸ்டடி வந்தாச்சு, ஒரு நோயாளி, ஆறு கேள்வி. உதாரணமா, டிகாக்சின்ங்கிற இதய மருந்தும், சிறுநீரோட பொட்டாசியத்தையும் வெளியேத்துற ஃபியூரோசமைடும் எடுக்குற நோயாளி. பொட்டாசியம் 2.9, நாடி 52, பார்க்கிறதெல்லாம் மஞ்சளாத் தெரியுதாம். பொட்டாசியம் கம்மின்னு மாணவர் கண்டுபிடிச்சிடுவார். ஆனா பொட்டாசியம் இறங்கினா டிகாக்சின் விஷமாகும்ங்கிற முடிச்சைப் போடாம, காலை டோஸைக் கொடுத்திடுவார். மார்க் ஷீட்ல இது வெறும் 'தப்பு'.

அதனால ஒவ்வொரு மாக் டெஸ்ட்லயும் தப்பான பதில் பக்கத்துல ஒரு எழுத்து போடுங்க. 'க' கண்ணுல படல, 'மு' முடிச்சுப் போடல, 'வ' செய்யவேண்டிய வரிசை தப்பு. 'மு' நிறைய இருந்தா இன்னும் ஆயிரம் கேள்வி போட்டுப் பிரயோஜனமில்ல. ஒவ்வொரு மருந்தையும் அதோட லேப் ரிசல்ட்டோட சேர்த்துப் படிங்க.

உங்க பேப்பர்ல எந்த எழுத்து ஜாஸ்தி? கமெண்ட்ல போடுங்க. 'க' காரங்க இந்த வீடியோவையே ரெண்டாவது தடவை பாருங்க.