ஊர் கூடிக் கொண்டுவந்த ரயில்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்க எல்லைப்புற ஊர்களின் கதையை ரயில் கம்பெனியிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். கம்பெனி தண்டவாளம் போட்டது, ஸ்டேஷன் கட்டியது, அதைச் சுற்றி ஊர் முளைத்தது என்பார்கள். பல ஊர்களுக்கு இது சரி. டெக்சஸில் இருக்கும் ஃபோர்ட் வொர்த்துக்குப் பொருந்தாது. அங்கே ஸ்டேஷனுக்கான நிலம் 1872இல் தயாராகிவிட்டது. ரயில் வந்தது 1876இல். இடைப்பட்ட அந்த நான்கு ஆண்டுகளில் ஊர்க்காரர்கள் செய்ததைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

ஃபோர்ட் வொர்த் ஒரு ராணுவக் காவல் நிலையாகத் தொடங்கியது. 1849 ஜூன் மாதம் மேஜர் ரிப்லி ஆர்னால்ட் டிரினிட்டி ஆற்றங்கரை மேட்டில் முகாம் போட்டார். வெள்ளையர் குடியேற்றங்களைப் பூர்வகுடிகளிடமிருந்து காக்க என்று சொல்லி நிறுவிய காவல் வரிசையில் அதுவும் ஒன்று. 1853இல் படை மேற்கே போனதும், காலி வீரர் குடியிருப்புகளில் ஊர்க்காரர்கள் கடை வைத்தார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கன்சாஸுக்குப் போகும் மாட்டு மந்தைகள் அந்த வழியாக நடந்தன. மந்தை ஓட்டுகிறவர்கள் மாவும் காபியும் தோட்டாவும் வாங்கிக்கொண்டு போவார்கள். ஊரின் பிழைப்பு அவ்வளவுதான்.

1871இல் அமெரிக்க நாடாளுமன்றம் டெக்சஸ் அண்ட் பசிபிக் ரயில்வேக்கு அனுமதி தந்தது. மறு ஆண்டு அந்தக் கம்பெனியின் தலைவர் தாமஸ் ஸ்காட் ஃபோர்ட் வொர்த்துக்கு வந்தார். வான் ஸான்ட், டாகெட், ஜென்னிங்ஸ், ஹென்ட்ரிக்ஸ் என்ற நான்கு பேர் சேர்ந்து, ஊருக்குத் தெற்கே 320 ஏக்கர் நிலத்தை ரயிலுக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். செய்தி பரவியதும் ஆட்கள் குவிந்தார்கள். மனை விலை ஏறியது. 1873இல் ஊர் நகராட்சியாகவும் ஆனது.

அந்த ஆண்டு ஜூலையில் பி. பி. பேடக் என்ற பத்திரிகை ஆசிரியர் தன் 'ஃபோர்ட் வொர்த் டெமாக்ரட்' பத்திரிகையில் ஒரு வரைபடம் போட்டார். நடுவில் ஃபோர்ட் வொர்த், அதிலிருந்து எல்லாத் திசைக்கும் கால் நீட்டும் ஒன்பது ரயில் பாதைகள். பார்க்கப் பெரிய சிலந்தி மாதிரி இருந்ததால் 'டரான்டுலா வரைபடம்' என்று பெயர் வந்தது. அன்று அந்த ஊரில் ஒரு தண்டவாளம் கூடக் கிடையாது. வெளியூர்ப் பத்திரிகைகள் சிரித்தன.

1873 செப்டம்பர் 18ஆம் தேதி ஜே குக் நிதி நிறுவனம் திவாலானது. ரயில் பங்குகளில் பணம் போட்டவர்கள் கையை இழுத்துக்கொள்ள, நாடு முழுக்கப் பாதை வேலை நின்றது. டெக்சஸ் அண்ட் பசிபிக் பாதை டல்லாஸுக்குச் சற்று மேற்கே, ஈகிள் ஃபோர்டில் நின்றுவிட்டது. ஃபோர்ட் வொர்த்துக்கு இன்னும் சுமார் 25 மைல். ரயிலை நம்பி வந்தவர்களில் பெரும்பாலோர் மூட்டை கட்டினார்கள். டல்லாஸுக்குக் குடிபெயர்ந்த ராபர்ட் கோவர்ட் என்ற வழக்கறிஞர் 1875இல் அந்த ஊர்ப் பத்திரிகையில், ஃபோர்ட் வொர்த் தெருவில் ஒரு சிறுத்தை படுத்துத் தூங்குகிறது, எழுப்பக்கூட ஆளில்லை என்கிற தொனியில் கேலி எழுதினார். ஃபோர்ட் வொர்த்காரர்கள் அதற்கு மறுப்பு எழுதி நேரத்தை வீணாக்கவில்லை. சிறுத்தையைத் தங்கள் சின்னமாகவே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்த நகரக் காவலரின் சட்டையில் இருக்கும் பேட்ஜில் சிறுத்தை படுத்திருக்கிறது.

அதோடு, பணம் இல்லாத கம்பெனிக்காகக் காத்திருப்பதில் பயனில்லை என்ற முடிவுக்கும் வந்தார்கள். வான் ஸான்ட் தலைமையில் டாரன்ட் கவுண்டி கட்டுமானக் கம்பெனி உருவானது. டாரன்ட் கவுண்டி என்பது ஃபோர்ட் வொர்த் இருக்கும் மாவட்டம். அதில் பங்கு வாங்கப் பணம்தான் வேண்டும் என்றில்லை. ஒருவர் உழைப்பைத் தந்தார், ஒருவர் மரம் தந்தார், இன்னொருவர் மாட்டுக்குத் தீவனம் தந்தார். பாதைக்கு மண் வேலையை ஊரே செய்து கொடுக்கும். கம்பெனி தண்டவாளத்தைப் போட்டால் போதும். நம் ஊரில் தேர் இழுக்க எல்லாரும் வடம் பிடிப்பார்களே, அப்படித்தான் நடந்தது.

சிக்கல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. மாநில அரசு தரும் நிலமானியம் கம்பெனிக்குக் கிடைக்க வேண்டுமானால், 1876 சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிவதற்குள் ரயில் ஃபோர்ட் வொர்த்தை எட்டியாக வேண்டும். கோடை வந்தது. உறுப்பினர்கள் வீட்டுக்குப் போகத் துடித்தார்கள். டாரன்ட் கவுண்டியின் உறுப்பினர் நிக்கலஸ் டார்னெல் படுத்த படுக்கை. அவரைக் கட்டிலோடு அவைக்குத் தூக்கி வந்தார்கள். கூட்டத்தை முடிக்கக் கூடாது என்று நாள் தவறாமல் வாக்களித்தார். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த மனிதர் அவர்தான். மண் வெட்டியவர்களின் பெயர்களை வரலாறு அவ்வளவாக வைத்திருக்கவில்லை, அதனால் அவர்கள் எல்லார் சார்பிலும் டார்னெலையே நினைத்துக்கொள்கிறேன்.

அங்கே அவர் நாட்களை நீட்டிக்கொடுக்க, இங்கே மார்கன் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு ஒப்பந்ததாரர் வேலையை முடுக்கினார். ஊருக்குக் கிழக்கே சிகமோர் ஓடையில் முறையான பாலம் கட்ட நேரமில்லை. ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன் மேல் தண்டவாளம் போட்டார்கள். கடைசித் தூரத்தில் மண் வேலைக்கும் நேரமில்லை. கட்டைகளை வெறும் தரையில் பரப்பி, முனைகளில் கல்லை அண்டக்கொடுத்தார்கள். ஆண்கள் இரவும் பகலும் மண் சுமக்க, பெண்கள் சாப்பாடும் காபியும் கொண்டு வந்தார்கள். 1876 ஜூலை 19, காலை 11 மணி 23 நிமிடத்துக்கு முதல் ரயில் ஊருக்குள் வந்தது.

ஸ்டேஷன் என்று எழுந்தது எளிய மரக் கட்டடம்தான். நீதிமன்றச் சதுக்கத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி, கொடுத்த நிலத்தில் நின்றது. அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, நீதிமன்றத்தையும் ஸ்டேஷனையும் இணைத்துக் கோவேறு கழுதை இழுக்கும் டிராம் ஓடத் தொடங்கியது. பழைய ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் விடுதியும் மதுக்கடையும் நிரம்பி, தெற்குக் கோடிக்குக் கெட்ட பெயரும் வந்தது. அப்புறம் 1878இல் அங்கிருந்து அரிசோனாவின் யூமா வரை 1,500 மைலுக்கு மேல் குதிரை வண்டித் தபால் போனது. ரயில் முடிகிற இடத்தில் வண்டி தொடங்கும்.

இன்னொரு சரக்கையும் சொல்லாமல் விடக்கூடாது. மேற்கே ஃபோர்ட் கிரிஃபின் பக்கம் கொன்று உரித்த காட்டெருமைத் தோல்கள் வண்டி வண்டியாக இந்த ஸ்டேஷனுக்கு வந்து கிழக்கே போயின. அந்தக் காட்டெருமைதான் கமான்சி என்ற பூர்வகுடி மக்களுக்குச் சோறும் கூரையும் உடையும். அவர்களின் தலைவர் குவானா பார்க்கர் 1875 ஜூனில் சரணடைந்தார். ரயில் வந்தது அடுத்த ஆண்டு. சில ஆண்டுகளில் தென் சமவெளியின் பெரும் காட்டெருமை மந்தைகள் இல்லாமலே போயின. ஊரார் காட்டிய ஒற்றுமையை நான் மனதாரப் போற்றுகிறேன். அந்த ஒற்றுமைக்குள் கமான்சி மக்களுக்கு இடம் இருக்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

பாதை நான்கு ஆண்டுகள் ஃபோர்ட் வொர்த்திலேயே நின்றது. 1880இல் மேற்கே நகர்ந்தபோது, பாதை முனையை நம்பிய பல ஊர்களைப் போல இதுவும் படுத்துவிடும் என்று பயம் இருந்திருக்கும். படுக்கவில்லை. அந்த ஆண்டே மிசூரி கன்சாஸ் டெக்சஸ் ரயில் வந்தது, 1881இல் சான்டா ஃபே வந்தது. 1880 கணக்கெடுப்பில் 6,663 பேர். பத்தே ஆண்டில் 23,076 பேர். சிலந்தியின் கால்கள் ஒவ்வொன்றாக மண்ணில் இறங்கின. வரைந்த பேடக்கை 1892இல் மேயராக்கினார்கள். 1900 வரை அவர்தான் மேயர். அவர் காலத்திலேயே, 1899இல், பெரிய ரயில் நிலையம் எழுந்தது. 1904இல் அது தீப்பிடித்தது, திரும்பக் கட்டினார்கள். 1931இல் வந்த கட்டடம் இன்றும் இருக்கிறது, பயணிகள் ரயில் இன்றும் அங்கே நிற்கிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.