அடங்குவது வேறு, ஒடுங்குவது வேறு

நடுவர் அவர்களே, வணக்கம். துறுதுறு நாயைப் பழக்கக் கைகொடுப்பது கண்டிப்பா விளையாட்டா என்பது கேள்வி. எதிரணி நண்பர் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனார், கழுத்தை இறுக்குகிற சங்கிலியும் நாலு அதட்டலும் இருந்தால் எந்த நாயும் வழிக்கு வந்துவிடும், விளையாட்டெல்லாம் காட்டுப்புத்தியின் மிச்சம் என்று. அதை நம்பி மோசம் போனவன் நான்.

எங்கள் வீட்டில் இருப்பது சிப்பிப்பாறை, சிட்டு என்று பெயர். கரிசல் காட்டில் முயல் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுத்த சாதி. கண்ணெதிரே ஏதாவது ஓடினால் போதும், காது செவிடாகிவிடும். முயல் வேட்டை இன்றைக்குச் சட்டப்படி குற்றம், சரி, ஆனால் அது சிட்டுவின் கால்களுக்குத் தெரியுமா? இரண்டு அறை வீட்டில் அடைத்து வைத்தால் அது சோபாவைத்தான் வேட்டையாடும்.

ஒரு பயிற்சியாளரிடம் 15 நாள் விட்டுவைத்தேன். திரும்பி வந்தவள் உட்கார் என்றால் உட்கார்ந்தாள், எழு என்றால் எழுந்தாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மகள்தான் கேட்டாள், "அப்பா, வால் எங்கே?" வால் பின்னங்கால்களுக்கு நடுவே இருந்தது. தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கை நீட்டினாலும் தரையோடு ஒட்டிக்கொண்டாள். ஓயாமல் கொட்டாவி விட்டாள், உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள். தூக்கமோ பசியோ என்று நினைத்தோம், பயம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அடங்கியிருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன், அவள் ஒடுங்கிப்போயிருந்தாள் நடுவர் அவர்களே.

மறுபடி அவளை எழுப்பியது ஒரு பழைய லுங்கி. முறுக்கி முடிச்சுப்போட்டு "எடு" என்று நீட்டுவேன், கவ்வி இழுப்பாள், நானும் இழுப்பேன், நடுவில் சட்டென்று கையை முழங்காலோடு சேர்த்து அசையாமல் வைத்துக்கொண்டு "விடு" என்பேன். இழுப்பதற்கு ஆள் இல்லாத கயிற்றில் என்ன சுவை? வாய் தானாகத் தளரும். தளர்ந்த அந்த நொடியிலேயே மறுபடி "எடு". விட்டால் ஆட்டம் போய்விடாது, விட்டால்தான் அடுத்த ஆட்டம் என்பது அவளுக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. பல் என் தோலில் பட்டால் ஆட்டம் அரை நிமிடம் நிற்கும், அவ்வளவுதான் தண்டனை. இன்றைக்கு வாயில் என் செருப்பு இருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்குக் கீழே போடுகிறாள்.

விருந்தாளி மேல் தாவினால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்கள். முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வோம், நாலு காலும் தரைக்கு வந்ததும் கொஞ்சுவோம். விருந்தாளிக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுதான் நாய்க்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கஷ்டம்!

எதிரணி போலீஸ் நாயைக் காட்டி மிரட்டியது. ஐயா, வெடிமருந்தை மோப்பம் பிடித்துக் காட்டும் நாய்களில் பலவற்றுக்கும் கூலி என்ன தெரியுமா? ஒரு பந்து. கண்டுபிடித்ததும் பந்து வரும், கொஞ்ச நேரம் கையாள்பவரோடு ஆட்டம். அந்த ஆட்டத்துக்காகத்தான் அது அத்தனை பெட்டிகளையும் சலிக்காமல் முகர்கிறது.

அப்புறம் அந்தக் காட்டுப்புத்தி விஷயம். 1959-ல் சைபீரியாவில் திமித்ரி பெலியாயெவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, மனிதரைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெருக்கத் தொடங்கினார். தலைமுறை போகப்போக அவை வாலாட்டின, வளர்ந்த பிறகும் குட்டிபோல விளையாடின. காடு விலக விலக விளையாட்டு கூடியதே தவிரக் குறையவில்லை. நண்பர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

அவிழ்த்துவிட்டுவிட்டு வேடிக்கை பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அணில் ஓடுகிற தெருவில் சிட்டுவை இன்றும் கயிறில்லாமல் விடமாட்டேன், சிப்பிப்பாறையிடம் அந்த அளவு நம்பிக்கை வைப்பவன் ஏமாளி. மூடிய மைதானத்தில், வெயில் ஏறுவதற்கு முன்னால், பெயரைக் கூப்பிட்டுவிட்டு நான் எதிர்ப்பக்கம் ஓடுவேன். துரத்துகிற ரத்தம் அல்லவா, என்னைத் துரத்திக்கொண்டு வருவாள். எனக்கு 48 வயது, மூட்டுவலி வேறு, தினமும் தோற்கிறேன்.

மணியடித்துவிட்டீர்கள். "விடு" என்கிறீர்கள், விட்டுவிடுகிறேன் நடுவர் அவர்களே. அடுத்த சுற்றில் "எடு" என்பீர்கள் அல்லவா?