சுரேஷ் என்று வைத்ததில் என்ன குறை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எழுபதுகளில் நம் ஆண் பிள்ளைகளின் பெயர் மாறியதே, அதில் இழந்தது அதிகமா, பெற்றது அதிகமா? இதுதான் தலைப்பு. "தாத்தா பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன், பேரன். ரமேஷ், சுரேஷ் என்று வைத்தோம், பரம்பரையும் போச்சு, தமிழும் போச்சு" என்று எதிரணி அம்மா உருகினார்கள். அந்த உருக்கத்தை மதிக்கிறேன். என் வீட்டுக் கதையையும் கேளுங்கள்.

என் தாத்தா பெயர் குப்புசாமி. அவருக்கு முன் பிறந்த மூன்றும் தங்கவில்லை. இதுவாவது நிலைக்கட்டும் என்று குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து வைத்த பெயர் அது. அந்தச் 'சாமி'யை ஊர் அவருக்குக் கொடுக்கவே இல்லை ஐயா. எழுபது வயதிலும் மேலத்தெருச் சிறுவனுக்கு அவர் 'குப்பன்'.

1971-இல் அண்ணன் பிறந்தான். முறைப்படி தாத்தா பெயர். மாமனார் பெயரை அம்மா வாயால் சொல்லலாமா? பெற்ற பிள்ளையைக் கடைசிவரை 'பெரியவனே' என்றுதான் கூப்பிட்டாள். ஊர் அவனை அஞ்சு வயசிலேயே 'குப்பா' ஆக்கிவிட்டது. தாத்தாவின் பெயரை மட்டுமா அவன் தாங்கினான்?

1976-இல் நான். அப்பா யாரையும் கேட்கவில்லை. சுரேஷ் என்று வைத்தார். ஐந்தாம் வகுப்பில் நாங்கள் மூன்று சுரேஷ். அதில் ஒருவன் பண்ணையார் வீட்டுப் பிள்ளை. வாத்தியார் வருகைப் பதிவேட்டைப் பிரித்து "கே. சுரேஷ், எம். சுரேஷ், ஆர். சுரேஷ்" என்பார். "உள்ளேன் ஐயா" என்போம். எவன் எந்தத் தெரு? அந்தப் பெயரை வைத்து யாராலும் சொல்ல முடியாது!

1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். பெயரின் வால் போனது. ஆனால் முனியன், குப்பன் என்ற தலையே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்ததே, அதற்கு என்ன செய்வது? ரமேஷும் சுரேஷும் வந்துதான் அந்த அடையாளம் அழிந்தது.

தமிழ் போச்சு என்கிறீர்கள். ராமசாமியும் கிருஷ்ணமூர்த்தியும் சுப்பிரமணியனும் தனித்தமிழா அம்மா? நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அவர்களை வணங்குகிறேன். என் மகனுக்கு இனியன் என்றே பெயர் வைத்திருக்கிறேன். பெயர் நாமே தேர்ந்தெடுக்கும் பொருள் என்ற துணிச்சலை அவர்களிடமிருந்துதானே என் அப்பா எடுத்துக்கொண்டார்!

விளக்கு வைக்கிற நேரத்தில் அம்மா வாசலில் நின்று "சுரேசு...!" என்று கூப்பிடுவாள். ஷ் அவள் நாக்கில் வராது. மேலத்தெரு வரைக்கும் கேட்கும். அண்ணன் பெயரை அவள் ஒரு நாளும் அப்படி வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை.

பெற்றதே அதிகம் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. வணக்கம்.