உங்கள் பிஎஃப் பணத்துக்கும் ஊர்ச் சாக்கடைக்கும் என்ன சம்பந்தம்?

எல்லோருக்கும் வணக்கம். மாதம் பிறந்தால் சம்பளத்தில் பிஎஃப் என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்கிறார்கள், எல்ஐசிக்கும் பிரீமியம் கட்டுகிறோம், அந்தப் பணமெல்லாம் அப்புறம் எங்கே போகிறது என்று நான் நாற்பது வயது வரை யோசித்ததே இல்லை. கணிசமான பங்கு அரசுக் கடன்பத்திரங்களுக்குப் போகிறது. மிச்சத்தைப் போடுவதற்கும் விதி உண்டு. டபுள் ஏ தரத்துக்குக் (கடன் ஒழுங்காகத் திரும்பி வரும் என்பதற்குப் போடும் உயர்ந்த மதிப்பெண்களில் ஒன்று) கீழே உள்ள கடன்பத்திரத்தின் பக்கம் பெரும்பாலும் போகவே முடியாது. அதில் தப்பு சொல்லவும் முடியாது, ஓய்வு பெறப்போகிறவரின் காசு அது, சூதாடவா முடியும்?

இந்தப் பக்கம், குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் பணம் வேண்டும். போட்ட காசு திரும்ப 15, 20 வருடம் ஆகும். வங்கியில் இருப்பதோ சில வருடங்களில் திருப்பிக் கேட்கப்படும் டெபாசிட். அவ்வளவு காலம் பொறுத்திருக்கக்கூடியது ஓய்வூதியப் பணமும் காப்பீட்டுப் பணமும்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் ரெடி, ஜாதகம்தான் பொருந்தவில்லை. அந்த ஜாதகத்துக்குப் பெயர் ரேட்டிங், டபுள் ஏ என்று சொன்னேனே, அந்த மதிப்பெண்தான்.

1998-இல் அகமதாபாத் மாநகராட்சி மாநில அரசின் உத்தரவாதம் இல்லாமலே 100 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது. சரி, அது பெரிய ஊர். ஒரு பேரூராட்சியின் பத்திரத்தை யார் வாங்குவார்கள்? கணக்குப் புத்தகத்தைப் பார்த்த உடனே ஓடிவிடுவார்கள்.

இதற்குத் தமிழ்நாடு 2002-இல் ஒரு வழி கண்டுபிடித்தது. 13 சிறிய உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் நிர்வகித்த ஒரு கூட்டு நிதியின் பெயரில், ஏறத்தாழ 30 கோடிக்கு 15 வருடப் பத்திரம், வட்டி 9.2 சதவீதம். சீட்டுப் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும், ஒருவர் தவறினால் யார் கட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு அடுக்கடுக்காகப் பாதுகாப்பு வைத்தார்கள். ஒவ்வொரு ஊரும் தன் வருமானத்திலிருந்து தனிக் கணக்கில் மாதாமாதம் பணம் போட வேண்டும். போடவில்லையென்றால் அந்த ஊருக்கு மாநில அரசு தர வேண்டிய நிதிப் பங்கிலிருந்தே கழித்துக்கொள்ளப்படும். அதுவும் போதாவிட்டால் முன்பே ஒதுக்கிவைத்த ஒரு காப்பு நிதி இருக்கிறது. கடைசியாக, அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் உத்தரவாதம். தனியாகப் போனால் யாரும் ஏறிட்டுப் பார்த்திருக்காத ஊர்களுக்கு டபுள் ஏ தரம் கிடைத்தது.

இதில் எனக்குப் பிடித்தது அமெரிக்க உத்தரவாதம் இல்லை (அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள்), அந்த மாதாந்தரக் கணக்கு. தண்ணீர் வரியை ஒழுங்காக வசூலித்தால்தான் அதில் போட முடியும். முதலீட்டாளர் வந்ததால் ஊரின் கணக்கு நேரானது என்பதைவிட, நேராக்காமல் அவர் வரமாட்டார் என்பதே சரி.

2005-இல் கர்நாடகம் பெங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இதையே செய்தது. அப்புறம் ஏனோ இந்த வழி பெரிதாகப் பரவவில்லை. இப்போது பேச்செல்லாம் பசுமைப் பத்திரம் பற்றித்தான், அதாவது சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்யும் திட்டங்களுக்கென்றே வெளியிடும் கடன்பத்திரம். 2021-இல் காசியாபாத் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக 150 கோடி திரட்டியது. 2023-இல் இந்தூர் 244 கோடி திரட்டியது, நர்மதைத் தண்ணீரை ஊருக்கு ஏற்றும் மின்சாரச் செலவைக் குறைக்க 60 மெகாவாட் சூரிய மின் நிலையம் கட்டுவதற்காக. நல்ல திட்டம், மிச்சமாகும் கரண்ட் பில்லே கடனை அடைக்க உதவும். ஆனால் இரண்டும் பெரிய மாநகராட்சிகள், தங்கள் காலிலேயே நிற்கக்கூடியவை. பச்சை லேபிள் ஒட்டினால் மட்டும் பேரூராட்சிக்குப் பணம் வராது, அதற்கு அந்த 13 ஊர் மூட்டைதான் வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள், கேள்வி இருந்தால் கேளுங்கள்.