மின்தூக்கியும் மாடிப்படியும்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, வேலை நெருக்கடியிலும் வந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, குடியிருப்பாளர் குழுப் பொறுப்பாளர்களே, அரங்கைக் கொடுத்த சமூக மன்ற நிர்வாகிகளே, தமிழாசிரியப் பெருமக்களே, மதியமே வந்து நாற்காலி அடுக்கிய தம்பி தங்கைகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நகர வாழ்க்கை உடலை, மனத்தை, பழக்கவழக்கத்தை எப்படி மாற்றுகிறது என்று மூன்றையும் பேசச் சொன்னார்கள். முதலில் உடல். 2016இல் நம் சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. நாமும் உணவங்காடியில் 'தே ஓ கொசோங்' என்று சர்க்கரை இல்லாத தேநீர் கேட்கிறோம். கூடவே இரண்டு வடை வாங்குகிறோமே, அதை யார் கேட்பது? பரவாயில்லை, அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். போன கூட்டத்திலும் இதைத்தான் சொன்னேன்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின், அதாவது வீவகவின், பழைய அடுக்குமாடி புளோக்குகளில் முன்பெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. எங்கள் புளோக்கில் ஐந்தில் நிற்கும், அப்புறம் ஒன்பதில். எங்கள் வீடு ஏழில். ஒரு தீபாவளிக்கு முன்தினம் தேக்கா சந்தையிலிருந்து அரிசி மூட்டையோடு வந்தோம். ஐந்தில் இறங்கி ஏறலாம் என்றார் அம்மா. ஒன்பதில் இறங்கி வரலாம் என்றார் அப்பா. வாக்குவாதத்தில் கதவு மூடிக்கொண்டது. அம்மா ஐந்தில், அப்பாவும் மூட்டையும் ஒன்பதில்! ஒன்பதாம் மாடி சீன அங்கிள் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். எட்டாம் மாடி மலாய்ப் பெரியம்மா, மாக்சிக் என்போமே, அவர் வாழையிலைக் கட்டை வாங்கிக்கொண்டார். எல்லாரும் எங்கள் வாசலில் வந்து நின்றதில், முறுக்கு டின் தீபாவளிக்கு முன்பே காலி.

2001இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் வந்தது. இப்போது மாடிக்கு மாடி நிற்கிறது. முதியோருக்கும் சக்கர நாற்காலிக்காரர்களுக்கும் அது பெரிய வரம், குறை சொன்னால் பாவம். ஆனால் முழங்கால் நன்றாக இருப்பவர்களும் மூன்றாம் மாடிக்குப் பொத்தானை அழுத்துகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே நின்றாலும் கைப்பேசியைத்தான் பார்க்கிறோம். நகரத்தில் கண்ணும் காதும் திணறுவதால் மனிதர்கள் இப்படி ஒதுங்குகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1970லேயே எழுதினார்.

மனத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஆனால் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஆகவே நம் படியேறும் இயக்கத்துக்கு வருகிறேன். நான்காம் மாடி வரை படியேற்றம், எதிரில் வருபவருக்கு ஒரு வணக்கம். அவ்வளவுதான். அடி மேல் அடி என்றேனே, அது இதற்கும்தான். உறுப்பினர் ஐயா, சில புளோக்குகளில் படிக்கட்டு விளக்கு மங்கலாக இருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். இயக்கத்தில் சேரும் படிவம் கதவருகே இருக்கிறது. பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள்.