தேடுசொல்லைத் தேடுதல்

அவைத்தலைவர் அவர்களே, பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற ஆண்டு தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவர் என்னிடம் வந்து, சிங்கப்பூரில் செட்டியார்கள் நடத்திய வட்டித் தொழிலைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்றும், தரவுத்தளத்தில் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றும் வருத்தத்தோடு சொன்னார். அவருடைய கணினித் திரையைப் பார்த்தேன். தேடல் கட்டத்தில் ஆசிரியர் கொடுத்த கேள்வியை முழு வாக்கியமாக அப்படியே ஆங்கிலத்தில் தட்டியிருந்தார். கட்டுரைத் தரவுத்தளங்கள் பலவும் தட்டிய சொற்கள் எல்லாம் ஒருங்கே உள்ள ஆவணத்தைத்தான் தேடும் என்பதால், சொல் கூடக்கூட விடை குறைந்துகொண்டே போகும். ஆகவே கேள்வியிலிருந்து கருத்தைத் தாங்கும் இரண்டு மூன்று சொற்களை மட்டும் பிரித்தெடுப்பதே முதல் வேலை.

அந்தச் சொற்களும் நம்முடைய சொற்களாக இருந்தால் போதாது; அந்த ஆவணத்தை எழுதியவர் கையாண்ட சொற்களாக இருக்க வேண்டும். இதைத்தான் நான் இன்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதலான பழைய ஆங்கில நாளிதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தொகுப்பில் இன்று வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆனால் அக்காலத்துச் செய்தியாளர் நாம் எழுதுவதுபோல் 'செட்டியார்' என்று எழுதவில்லை. 'செட்டி' என்றோ 'சிட்டி' என்றோதான் பெரும்பாலும் எழுதினார். வட்டிக்குக் கொடுப்பவரைக் குறிக்கும் 'மணிலெண்டர்' ஒரே சொல்லாகவும், இரு சொல்லாகவும், இடையில் சிறு கோட்டுடனும் வரும். மங்கிய அச்சைக் கணினி படிக்கும்போது ஆங்கில 'எச்' (h) எழுத்து 'பி' (b) ஆகிவிடுவதும் உண்டு. இவ்வடிவங்களை எல்லாம், ஏதேனும் ஒன்று இருந்தால் போதும் எனப் பொருள்படும் 'ஆர்' (OR) என்ற இணைப்புச் சொல்லால் கோத்து ஓர் அடைப்புக்குள் இட்டு, அடுத்த கருத்தை, அதுவும் உடன் இருக்க வேண்டும் எனப் பொருள்படும் 'ஆண்ட்' (AND) என்பதால் சேர்த்தால், வலை அகலமாகவும் இருக்கும், குறியும் தவறாது.

ஒரு சொல் உள்ள ஆவணங்களை விலக்கும் 'நாட்' (NOT) என்பதை மட்டும் மிகுந்த எச்சரிக்கையோடு கையாளுங்கள். 1859இல் செட்டியார்கள் எழுப்பிய டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் பற்றிய செய்திகள் வேண்டாம் என்று 'கோயில்' என்ற சொல்லை விலக்கினால், கோயிலோடு அவர்களுடைய வணிகத்தையும் பேசும் கட்டுரையும் சேர்ந்து மறைந்துவிடும்.

தமிழில் தேடும்போது இன்னொரு நுட்பம் உண்டு. சொல்லின் இறுதியில் நட்சத்திரக் குறி இட்டால் அதன் பின் வரும் விகுதிகள் எல்லாம் அகப்படும் என்று கற்பிக்கிறோம். 'வட்டி' என்பதற்கு அது பொருந்தும். வட்டிக்கடை, வட்டிக்காரர் எல்லாம் வந்து சேரும். 'கடன்' என்று புள்ளி எழுத்தோடு நிறுத்திக் குறியிட்டாலோ 'கடன்கள்' வரும், 'கடனை', 'கடனுக்கு' ஆகியவை வாரா. புள்ளியை எடுத்துவிட்டுக் 'கடன' என நிறுத்த வேண்டும். 'வீடு' என்பதோ 'வீட்டை', 'வீட்டில்' என உருவே மாறிவிடுவதால் இரு வடிவத்தையும் தனித்தனியே கொடுத்தாக வேண்டும். நம் இலக்கணத்தை அறிந்த பிள்ளைக்கு இது கைவந்த கலை. தமிழ் வகுப்பில் படித்த புணர்ச்சி விதி இவ்வளவு நேரடியாகப் பயன்படும் இடம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மாணவியிடம், வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு வரச் சொன்னேன். அவருடைய தாத்தா ஒரே ஒரு சொல்லைக் கொடுத்தனுப்பினார்: கிட்டங்கி. செட்டியார்கள் தங்கியும் தொழில் நடத்தியும் வந்த மார்க்கெட் ஸ்திரீட் கட்டடங்களுக்கு அவர்கள் வழங்கிய பெயர் அது. அதைத் தமிழிலும் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் தட்டினோம். கூடவே 'மார்க்கெட் ஸ்திரீட்' என்பதை மேற்கோள் குறிக்குள் தொடராக இட்டோம். கிடைத்த நூல் பதிவு ஒன்றின் அடியில், அந்நூல் எதைப் பற்றியது என்று காட்ட நூலகர் இட்டிருந்த பொருள் தலைப்புகள் இருந்தன. அந்த மாணவி அவற்றைத் தன் குறிப்பேட்டில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு, மறுநாள் அவற்றிலிருந்தே அடுத்த தேடலைத் தொடங்கினார்.