அச்சு எடுத்த இருக்கை

அனைவருக்கும் வணக்கம்.

விண்வெளி வீரர் அபூர்வமா, ஃபார்முலா 1 கார்ப் பந்தய ஓட்டுநர் அபூர்வமா? விண்வெளி வீரர்தான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். சரி, எண்ணிப் பார்ப்போம். 1950-இல் ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியதிலிருந்து அதன் பந்தயங்களில் ஓடியவர்கள் 800-க்கும் குறைவு. 1961-இல் முதல் விண்வெளி வீரர் ககாரின் போய்வந்ததிலிருந்து பூமியைச் சுற்றிவந்தவர்கள் 600-க்குச் சற்று மேல். இரண்டு கூட்டத்தையும் ஒரே அரங்கில் உட்கார வைத்துவிடலாம்!

எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் உள்ளே போகிற வாசல் வேறு.

பந்தய ஓட்டுநரின் வாசல் சின்ன வயதிலேயே மூடிவிடுகிறது. இன்று அந்த இடத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்து வயதுக்குள் கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டியில் உட்கார்ந்தவர்கள். அப்புறம் வருடா வருடம் பந்தயம், பயணம், டயர் என்று பணம் கரைந்துகொண்டே இருக்கும். கீழ்நிலைப் பந்தயங்களில் மூன்று பருவங்களில் 40 புள்ளிகள் சேர்த்தால்தான், ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸ். இருபது சொச்சம் பேரை உலகின் தலைசிறந்த ஓட்டுநர்கள் என்கிறோம். ஸ்டீயரிங்கைத் தொடவே வாய்ப்பில்லாமல் போன பிள்ளைகளை யார் எண்ணினார்கள்? எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விண்வெளி வாசல் குறுகல்தான். 2017-இல் நாசா 12 பேரைத் தேர்ந்தெடுத்தது. விண்ணப்பித்தவர்கள் 18,300-க்கும் மேல். ஆனால் அந்த வாசல் நடுவயதிலும் திறந்திருக்கிறது. கிளேட்டன் ஆண்டர்சன் என்ற பொறியாளர் 15 முறை விண்ணப்பித்தார். பதினைந்தாவது முறை, 1998-இல், தேர்வானார். அப்போது அவருக்கு 39 வயது. 2007-இல் விண்வெளி நிலையத்துக்குப் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தார். பதினான்கு முறை ‘இல்லை’ என்று கேட்ட மனிதர்!

உள்ளே போய்விட்டால் இருவருக்கும் ஒரு விஷயம் பொது. சோயுஸ் என்ற ரஷ்ய விண்கலத்தில் போகிறவரின் முதுகுக்குப் பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அவருக்கென்றே இருக்கை வார்ப்பார்கள். தரையிறங்கும்போது விழுகிற அடியை உடல் தாங்க வேண்டுமே. ஃபார்முலா 1 காரிலும் ஓட்டுநரை உட்கார வைத்து, அவர் உடலைச் சுற்றி நுரையை இறுகவிட்டு அச்சு எடுப்பார்கள். வளைவுகளில் உடல் எடையைப்போல் ஐந்து மடங்கு விசை பக்கவாட்டில் இழுக்கும். விரற்கடை இடைவெளிகூட ஆகாது. ஒருவருக்கு வார்த்த இருக்கை இன்னொருவருக்குப் பொருந்தாது.

இந்த இரண்டு உலகமும் ஒருமுறை தொட்டுக்கொண்டன. சந்திரனில் கார் ஓட்டியவர்கள் மூன்றே பேர்: டேவிட் ஸ்காட், ஜான் யங், யூஜின் செர்னன். 1972 ஏப்ரலில் அப்பல்லோ 16 பயணத்தில், கார் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒரு சோதனை ஓட்டம் வைத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கிராண்ட் பிரீ’. ஃபார்முலா 1 பந்தயங்களுக்கும் அதே பெயர்தான். யங் ஓட்டினார், சார்லி டியூக் நின்று படம் பிடித்தார். வேகம் சைக்கிள் வேகம்தான். கார் குதித்துக் குதித்துப் போகிறது. சக்கரத்திலிருந்து தூசி எழும்புகிறது. காற்று இல்லாததால் புகைபோல் மிதக்காமல், வில்லாக வளைந்து அப்படியே கீழே விழுகிறது.